புல்லுக்கு ஒரு வரி இல்லாத கணக்கு நோட்டு

நண்பர் ஒருத்தர் மின்னசோட்டால இருக்காரு. (அமெரிக்கா போறவங்க எல்லாம் நியூஜெர்சிக்கோ கலிபோர்னியாவுக்கோ தான் போவாங்கன்னு நினைச்சிட்டிருந்தேன். இவர் மட்டும் பனிக்கட்டிக்கு நடுவுல போய் உக்காந்துட்டாரு.) கொஞ்ச நாளைக்கு முன்னாடி வாட்ஸப்புல ஒரு படம் அனுப்பியிருந்தாரு. ஒரு பெரிய மாட்டுப் பண்ணை. வாசல்ல ஒரு பலகை. அதுல ஒரு புருஷன் பொண்டாட்டி பேரு, அவங்க அந்த நிலத்துக்கு வந்த வருஷம். கீழ "நூற்றாண்டுப் பண்ணை"ன்னு ஆங்கிலத்துல எழுதியிருக்கு.

அந்த மாநிலத்துல 1976-லேருந்து இப்படி ஒரு ஏற்பாடு இருக்காம். ஒரே குடும்பத்துக்கிட்ட தொடர்ந்து நூறு வருஷம் நிலம் இருந்திருக்கணும், குறைஞ்சது 50 ஏக்கராவது இருக்கணும். அப்போ பலகை குடுத்து மரியாதை பண்றாங்க. பேரப்பிள்ளைங்க குடும்ப வரலாறு எழுதி புத்தகமா போட்டுக்கறாங்க. கொள்ளுத்தாத்தா எந்த ஊர்லேருந்து கப்பல் ஏறினாரு, கொள்ளுப்பாட்டி எத்தனை மாடு கறந்தாங்க, எந்தக் குளிர்ல எத்தனை கன்னு செத்துச்சு, எல்லாம் வருஷத்தோட.

நண்பர் படத்துக்குக் கீழ ஒரு வரி போட்டிருந்தாரு. "உங்க தாத்தா ஆயா கூட மாடு வெச்சிருந்தாங்கல்ல? நீயும் எழுதலாமே."

எழுதலாம் தான். நானும் உக்காந்து பார்த்தேன். நம்ம கிட்ட பலகையும் கிடையாது, 50 ஏக்கரும் கிடையாது. இருக்கறதெல்லாம் ஒரு பால் சங்க அட்டை, தாத்தா எழுதின நாலு கணக்கு நோட்டு, அப்புறம் எண்பது வயசு தாண்டியும் வாய் ஓயாத ஆயா ஒண்ணு. இது போதும்னு தான் ஆரம்பிச்சேன். எழுத எழுத, சும்மா கொசுவத்தி சுத்தலாம்னு ஆரம்பிச்ச விஷயம் வேற எங்கேயோ போயிடுச்சு. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே.

எங்க ஊரு கும்மிடிப்பூண்டி தாலுகா. கவரைப்பேட்டையிலேருந்து மேற்கால உள்ள போகணும். ஊர் பேரு வேணாம், சொந்தக்காரங்க படிச்சா உதை விழும் :-). பாதிப் பேரு வீட்டுல தெலுங்கு, வெளிய தமிழு. அப்பாவை நைனான்னு கூப்பிடுவோம், பாட்டியை ஆயான்னு கூப்பிடுவோம். அப்போ செங்கல்பட்டு மாவட்டம். திருவள்ளூர்னு தனி மாவட்டம் ஆனது 1997-ல தான்.

ஆயாவுக்குக் கல்யாணம் 1961-ல. ஊத்துக்கோட்டைப் பக்கத்துலேருந்து வந்துச்சு. சீரா வந்தது ரெண்டு பித்தளைக் குண்டான், ஒரு சினை எருமை. தாத்தாவுக்கு மானாவாரியா முக்கா ஏக்கர் கழனி. மழை பெஞ்சா நெல்லு, இல்லன்னா பெருமூச்சு. அதனால அந்த எருமை தான் குடும்பத்தோட மூலதனம். அது போட்ட கன்னு, கன்னு போட்ட கன்னுன்னு எண்ணிக்கை ஆறு வரைக்கும் போச்சு.

எருமைன்னா நாட்டு எருமை. ஒரு வேளைக்கு ரெண்டு லிட்டர் குடுத்தா அதிகம். ஆனா பால்ல கொழுப்பு ஆறு ஏழு சதவீதம் இருக்கும். மாட்டுப்பால்ல நாலை ஒட்டி தான் நிக்கும். தயிரை வெட்டித் தான் எடுக்கணும். ஆரம்பத்துல ஆயா தயிர்க்கூடையைத் தலையில வெச்சுட்டு கவரைப்பேட்டை வரைக்கும் நடந்து வித்திருக்கு. அப்புறம் பால் வியாபாரி ஒருத்தர் வந்தாரு. எருமை கன்னு போட்டதும் முன்பணம் குடுப்பாரு. அந்தப் பணம் கழியற வரைக்கும் பாலை அவருக்குத் தான் ஊத்தணும், அவர் சொல்றது தான் அளவு, அவர் சொல்றது தான் விலை. பால் வத்துற நேரத்துல முன்பணம் பாதி தான் கழிஞ்சிருக்கும். அடுத்த கன்னுக்கு அதோட வட்டியும் சேரும். தாத்தா அந்த ஆளோட கேன்கள் மெட்ராஸ் போற ரயிலைப் பார்க்கும்போதெல்லாம் "நம்ம எருமை போவுது பாரு"ன்னு சொல்லுவாராம்.

மெட்ராஸ் பக்கம் என்ன நடந்துச்சுன்னு பார்த்தா, 1963-ல மாதவரத்துல நியூசிலாந்து உதவியோட பால் பண்ணை வந்துடுச்சு. 1964-ல பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி குஜராத்ல ஆனந்த் போய்ப் பார்த்துட்டு வந்து, அடுத்த வருஷம் தேசிய பால்வள வாரியம் வந்தது, குரியன் அதுக்குத் தலைவர் ஆனாரு. 1970-ல வெண்மைப் புரட்சித் திட்டம் ஆரம்பிச்சப்போ நாலு பெருநகரத்துல மெட்ராஸும் ஒண்ணு. இதெல்லாம் பாடப்புத்தகத்துல வரும். அந்தப் புரட்சி எங்க ஊர் ஆலமரத்தடிக்கு வந்து சேர இன்னும் ரொம்ப வருஷம் ஆச்சு. நடுவுல 1984 வந்துச்சு.

அந்த நவம்பர்ல ஸ்ரீஹரிகோட்டாகிட்ட கரையைக் கடந்த புயலை எங்க பக்கத்துப் பெருசுங்க யாரும் மறக்கல. ராத்திரி பூரா மாட்டுக் கொட்டாய் ஓலையைத் தாத்தா ஒரு பக்கம், ஆயா ஒரு பக்கம் கயிறு போட்டு இழுத்துப் பிடிச்சிட்டு இருந்திருக்காங்க. விடியறதுக்கு முன்னாடி சுவர் சாஞ்சுடுச்சு. ஆறு எருமையில மூணு போச்சு. இதைச் சொல்லும்போது ஆயா அழாது. "மூணும் சினை"ன்னு மட்டும் சொல்லும்.

சங்கம் வந்தது அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு. பால் கூட்டுறவு சங்கம்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: ஊர்ல சங்கம், மாவட்டத்துல ஒன்றியம், மேல 1981-ல பதிவான இணையம், அதாவது நம்ம ஆவின். ரெண்டு வேளையும் பால் ஊத்தலாம். லாக்டோமீட்டர் விடுவாங்க. கொழுப்பு எவ்ளோன்னு பார்க்க ஒரு சின்னக் குப்பியில கந்தக அமிலம், பாலு, கொஞ்சம் ஆல்கஹால் ஊத்தி, ஒரு சக்கரத்துல வெச்சு சுத்துவாங்க. சின்ன வயசுல அதைப் பார்க்கறதுக்காகவே ஆயா கூட போவேன். சுத்தி நின்னதும் குப்பியோட கழுத்துல மஞ்சளா ஒரு கோடு நிக்கும். அந்தக் கோடு எவ்ளோ நீளமோ அவ்ளோ துட்டு. வியாபாரி வாய்ல சொன்ன விலை, இங்க கண்ணுக்குத் தெரிஞ்சுது. கூட்டுறவைப் பத்தி ஆயிரம் குறை சொல்லலாம், நானும் சொல்லுவேன். ஆனா அந்த மஞ்சக் கோடு எங்க வீட்டுக்கு ஒரு விடுதலை. வியாபாரி கடன் ஒன்றரை வருஷத்துல அடைஞ்சுது.

இனிமே தான் மேட்டர்.

தாத்தா மூணாவது வரைக்கும் படிச்சவரு. சங்கம் வந்ததும் கணக்கு எழுத ஆரம்பிச்சாரு. என்கிட்ட இருக்கற நோட்டுல முதல் பக்கம் 1991. வரவுப் பக்கம் பால், சாணம், வித்த கன்னு. செலவுப் பக்கம் பிண்ணாக்கு, தவிடு, பருத்திக்கொட்டை, டாக்டர், கயிறு, "பெரியபாளையம் அம்மனுக்கு" 11 ரூபாய். இந்தக் கடைசி செலவு வருஷா வருஷம் ஆடி மாசத்துல வரும். பைசா சுத்தமா எழுதியிருக்காரு.

நான் இதை எக்செல்ல ஏத்தலாம்னு உக்காந்தேன். (தொழில் புத்தி.) ரெண்டு நாள் ஏத்தின அப்புறம் தான் ஒண்ணு உறைச்சுது. செலவுல புல்லு இல்ல. தேடித் தேடிப் பார்த்தேன். 1991-லேருந்து தொண்ணூறுகள் முடியற வரைக்கும் புல்லு வாங்கினதா ஒரு வரி கூட கிடையாது. வைக்கோல் கூட மழைக்காலத்துல ரெண்டு வண்டி, அவ்ளோ தான்.

எருமை காத்தையா தின்னுச்சு?

ஆயாகிட்ட கேட்டேன். "இன்னாடா கேள்வி இது, மேய்க்காலு இருந்துச்சே"ன்னுச்சு.

ஊருக்கு மேற்கால மேய்க்கால் புறம்போக்கு. பெரிய வெளி. நடுவுல நடுவுல பனை, ஈச்சம்புதர், ஓரத்துல ஏரி. காலையில கறந்து முடிச்சதும் ஊர் மாடு மொத்தமும் ஒண்ணா போகும். முறை வெச்சு ரெண்டு பசங்க ஓட்டிட்டுப் போவாங்க. மத்தியானம் எருமைங்க ஏரித் தண்ணியில இறங்கி மூக்கை மட்டும் நீட்டிட்டுக் கிடக்கும். எருமைக்கு வேர்வை சரியா வராது, தண்ணியில ஊறலன்னா உஷ்ணம் தாங்காது, பாலும் குறைஞ்சுடும். சாயங்காலம் அதுங்களே வீடு வந்துடும். இதுக்கு யாரும் காசு குடுக்கல. அதனால தாத்தா எழுதல.

சென்னையில மந்தைவெளின்னு ஒரு இடம் இருக்கே, இப்போ பஸ் ஸ்டாண்டும் டிராபிக்குமா. மந்தை மேயற வெளி. அந்தப் பேர்ல மட்டும் தான் இப்போ மேய்ச்சல் மிச்சம் இருக்கு. அமெரிக்கக்காரங்க பிரெய்ரின்னு சொல்றதுக்கு நம்மகிட்ட சொல் இல்லையேன்னு யோசிச்சிட்டிருந்தேன். மெட்ராஸ்லயே பஸ் போர்டுல எழுதியிருக்கு.

பிரெய்ரின்னு சொன்னதும் அந்தப் பலகைக்கு வர்றேன். அந்த மின்னசோட்டாத் தம்பதிக்கு நிலம் எப்படி வந்திருக்கும்? 1862-ல அமெரிக்காவுல ஒரு சட்டம் போட்டாங்க. அஞ்சு வருஷம் குடியிருந்து பண்படுத்தினா 160 ஏக்கர் உனக்கு. "காலி நிலம்"னு கணக்கு. அதே 1862-ல, அதே மின்னசோட்டாவுல, அந்த நிலத்துல காலங்காலமா இருந்த டகோட்டா மக்களோட சண்டை நடந்து, டிசம்பர் 26-ம் தேதி மேன்கேட்டோங்கிற ஊர்ல 38 பேரை ஒரே நேரத்துல தூக்குல போட்டாங்க. அடுத்த வருஷம் மிச்ச மக்களை மாநிலத்தை விட்டே வெளியேத்த சட்டம் போட்டாங்க. அப்புறம் தான் பண்ணை, பலகை, குடும்ப வரலாறு எல்லாம். பலகையில இருக்கற புருஷன் பொண்டாட்டி உழைக்கலன்னு நான் சொல்லல. மைனஸ் முப்பது டிகிரியில மாடு கறக்கறது விளையாட்டு இல்ல. ஆனா "காலி நிலம்"னு யாராவது சொன்னா, அதுக்கு முன்னாடி அங்க யார் மாடு (இல்ல காட்டெருமை) மேஞ்சுதுன்னு கேக்கற பழக்கம் எனக்கு அன்னிலேருந்து வந்துடுச்சு.

அங்க புல்வெளி தனி ஆள் பேருக்கு மாறிச்சு. பேர் எழுதினதால வரலாறு இருக்கு. இங்க மேய்க்கால் எங்க தாத்தா பேர்லயும் இல்ல, பக்கத்து வீட்டு நாயுடு பேர்லயும் இல்ல. வருவாய்த்துறை 'அ' பதிவேட்டுல புறம்போக்குன்னு இருக்கும். யார் பேரும் இல்லாத நிலம் போனா, யாருக்கு என்ன போச்சுன்னு எழுதறதுக்கும் ஆள் இல்ல. நஷ்ட ஈடு குடுக்கணும்னா பட்டா காட்டணும். ஆறு எருமை முப்பது வருஷம் தின்ன புல்லுக்கு யார்கிட்ட பட்டா இருக்கு?

எங்க தாலுகாவுலயே பெரிசா வெடிச்ச விஷயம் தேர்வாய் கண்டிகை. நிறைய பேருக்கு நினைவிருக்கும். அந்த ஊர் மக்கள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள், மேய்ச்சலுக்கும் விறகுக்கும் பயன்படுத்திட்டு இருந்த 1,100 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் சிப்காட் தொழிற்பூங்காவுக்குன்னு ஒதுக்கினாங்க. மக்கள் வருஷக்கணக்குல போராடினாங்க, கைதானாங்க. 2009 நவம்பர்ல மிச்செலின் டயர் கம்பெனியோட ஒப்பந்தம் ஆச்சு. 4,000 கோடி முதலீடு, 290 ஏக்கர். 2012-ல சில பிரெஞ்சு அமைப்புகளோட சேர்ந்து இங்கேயிருந்து பாரிஸ் வரைக்கும் புகார் போச்சு. பன்னாட்டுக் கம்பெனிகள் எப்படி நடந்துக்கணும்னு பணக்கார நாடுகள் வெச்சிருக்கற வழிகாட்டு நெறிகளை வெச்சு அந்தப் புகார். நிலத்தைக் குடுத்தது அரசு, நாங்க வாங்கினது காலி மனைங்கிற மாதிரி வாதம் ஓடுச்சு. தொழிற்சாலை வந்துடுச்சு, டயரும் வருது. பக்கத்துலயே கண்ணன்கோட்டை-தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் 2020 நவம்பர்ல திறந்தாங்க, 500 மில்லியன் கன அடி, சென்னைக்குக் குடிதண்ணி.

இப்போ ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லிடறேன், இல்லன்னா பின்னூட்டத்துல கும்மிடுவீங்க. நான் ஃபேக்டரி எதிர்ப்பாளன் இல்ல. எங்க மாமா 1988-ல கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு கம்பெனியில சேர்ந்தாரு. எங்க குடும்பத்துல மாசாமாசம் ஒண்ணாந்தேதி சம்பளம்னு ஒண்ணைப் பார்த்த முதல் ஆளு அவர் தான். என் காலேஜ் ஃபீஸ்ல பாதி அவர் குடுத்தது. மீதிப் பாதி எருமை குடுத்தது. ரெண்டுல எது உசத்தின்னு என்னால சொல்ல முடியாது. மாடு மேய்க்கறது புனிதம், கிராமம் சொர்க்கம்னு எழுதற ஆளுங்களை அதிகாலை நாலு மணிக்கு ஒரு வாரம் சாணி அள்ள விடணும்னு ஆயாவே சொல்லும்.

என் கோபம் வேற. கணக்குல.

2011-ஐ எடுத்துக்குங்க. ஜனவரி 28-ம் தேதி உச்ச நீதிமன்றம் பஞ்சாப் வழக்கு ஒண்ணுல (ஜக்பால் சிங் வழக்கு) ஒரு தீர்ப்பு குடுத்துச்சு. கிராமப் பொது நிலம், குளம், மேய்ச்சல் வெளி எல்லாத்தையும் ஆக்கிரமிப்புலேருந்து மீட்டு ஊர்கிட்ட ஒப்படைக்க எல்லா மாநிலமும் திட்டம் போடணும்னு. அதே வருஷம் செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். ஜெயலலிதா நம்ம திருவள்ளூர் மாவட்டத்துல வந்து தான் விலையில்லா கறவை மாடு திட்டத்தைத் தொடங்கி வெச்சாங்க. வருஷத்துக்கு 12,000 மாடு, ஏழைப் பெண்கள் பேர்ல. நல்ல திட்டம், நக்கல் பண்ணல. பெண்கள் பேர்ல குடுத்ததுக்குத் தனியா ஒரு கும்புடு. ஆனா கொஞ்சம் யோசிங்க. அதே மாவட்டத்துல ஒரு மூலையில மாட்டை இலவசமா குடுக்கறோம். இன்னொரு மூலையில இலவசமா இருந்த புல்லை எடுத்துக்கறோம். மாட்டுக்கு ஒரு விலை இருந்ததால அது அரசோட செலவுக் கணக்குல வந்துச்சு, போஸ்டர்லயும் வந்துச்சு. புல்லுக்கு விலை இல்லாததால எந்தக் கணக்குலயும் வரல.

எங்க ஊர் மேய்க்காலும் போச்சு. ஒரே நாள்ல இல்ல. ஒரு பக்கம் கிடங்கு, ஒரு பக்கம் பிளாட்டு, ஒரு பக்கம் மண்ணு எடுத்து பள்ளம். யார் எடுத்தாங்கன்னு இங்க எழுதப் போறதில்ல. 2000-க்கு அப்புறம் தாத்தா நோட்டுல புதுசா ஒரு வரி ஆரம்பிக்குது: "வைக்கோல்". அடுத்த வருஷம் "வைக்கோல், பசுந்தீவனம்". 2002-ல செலவுப் பக்கத்துல பாதி இந்த ரெண்டு தான். அதே சமயத்துல எருமை எண்ணிக்கை மூணு, ரெண்டு, ஒண்ணு. கடைசியில எருமையை வித்துட்டு ஜெர்சி கலப்பு ஒண்ணு வாங்கினாங்க. ஏரியில ஊற வழி இல்லாம எருமையைக் கட்டிப்போட்டு வளர்க்க முடியாதுன்னு தாத்தா சொன்னாராம். தமிழ்நாடு முழுக்கவே இந்தக் கதை தான் போல. 2012 கணக்கெடுப்புல 7.8 லட்சம் எருமை. 2019-ல 5.19 லட்சம். ஏழு வருஷத்துல மூணுல ஒரு பங்கு காலி. அதே ஏழு வருஷத்துல பசு மாடு ஏறியிருக்கு, 88 லட்சத்துலேருந்து 95 லட்சம். கட்டிப்போட்டு மூட்டைத் தீவனம் போட்டு வளர்க்கற மாடு கூடுது, வெளியில மேஞ்சு தண்ணியில கிடக்கற மாடு குறையுது. காரணம் இது ஒண்ணு தான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். எங்க வீட்டு நோட்டுல காரணம் இது தான்.

தாத்தா 2003-ல போயிட்டாரு. நோட்டும் அதோட நின்னுடுச்சு. ஆயாவுக்கு எழுதத் தெரியாது.

எக்செல்ல உக்காந்திருந்தப்போ இல்லாத இன்னொரு வரியும் கண்ணுல பட்டுச்சு. கூலி. தாத்தா கழனி வேலைக்குப் போன நாள் கூலி வரவுல இருக்கு. மாடு ஓட்டின பசங்களுக்குக் குடுத்த படி நெல்லு செலவுல இருக்கு. காலையில நாலு மணிக்கு எழுந்து சாணி அள்ளி, கழனித்தண்ணி காட்டி, கறந்து, சங்கத்துல ஊத்தி, வறட்டி தட்டி, சாயங்காலம் மறுபடி கறந்து ஊத்தின ஆள் அந்த நோட்டுல எங்கேயும் இல்ல. புல்லு மாதிரி தான் ஆயாவும். காசு குடுக்கல, அதனால எழுதல.

சங்க அட்டையும் தாத்தா பேர்ல. பதினேழு வருஷம் ரெண்டு வேளையும் தூக்குச்சட்டியோட வரிசையில நின்னது ஆயா. உறுப்பினர் தாத்தா. அவர் போனதும் அட்டை மாமா பேருக்கு மாறிச்சு. மாமாவுக்கு ஷிஃப்ட் வேலை, மாட்டுக்கு எத்தனை காம்புன்னு கேட்டா கொஞ்சம் யோசிப்பாரு. ஆனா உறுப்பினர் அவரு, போனஸ் அவர் பேர்ல, சங்கத் தேர்தல் ஓட்டு அவருக்கு. மகளிர் பால் சங்கங்கள் நிறைய ஊர்ல இருக்கு, அங்க நிலைமை வேற. எங்க ஊர்ல அது வரல. இதுல யாரும் கெட்டவங்க இல்ல. யாருக்கும் தோணல, அவ்ளோ தான். எனக்கே இந்த எக்செல் போடற வரைக்கும் தோணல.

இந்த வருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ பஞ்சாயத்து. இப்போ ஒரே ஒரு பசு தான். மாமா ரிடையர் ஆகி அம்பத்தூர்ல பையன் ஃபிளாட்டுக்குப் போறாரு. ஆயாவையும் கூட்டிட்டுப் போகணும், மாட்டை வித்துடலாம்னு அவர் கட்சி. பேப்பர் பேனாவோட உக்காந்துட்டாரு.

"எட்டு லிட்டர் கறக்குது. ஆவின் 2022 நவம்பர்ல 35 ரூபா ஆக்கினான், 2023 டிசம்பர்லேருந்து மூணு ரூபா ஊக்கத்தொகை, ஆக 38. தரம் ஃபுல்லா நின்னா ஒரு நாளைக்கு 304 ரூபா. அஞ்சு கிலோ தீவனம் 150. வைக்கோல், பசும்புல்லு சேர்த்து 80. மருந்து, ஊசி, கயிறு எல்லாம் பிரிச்சா ஒரு பத்து. நிக்கறது 64 ரூபா. அதுவும் கறவை இருக்கற நாள்ல. வத்தின மாசத்துல கைக்காசு. இதுக்கு எதுக்கும்மா இந்த வயசுல?"

கணக்கு சரி தான். நான் பக்கத்துல உக்காந்து சரி பார்த்தேன். அந்த 80-ஐ மேய்க்கால் தந்துட்டு இருந்துச்சு, தீவனத்துலயும் ஒரு பங்கு அதுலேருந்து தான் மிச்சமாச்சு. மேய்க்கால் இருந்திருந்தா இந்தப் பேப்பர்ல கடைசி வரி ரெண்டு மடங்குக்கு மேல இருந்திருக்கும். ஆயாவோட உழைப்புக்குக் கூலின்னு போட்டா கதையே வேற. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுல 2025-26-க்கு அறிவிச்ச கூலி ஒரு நாளைக்கு 336 ரூபா. அதைச் செலவுல எழுதினா இந்த மாடு என்னிக்குமே நஷ்டம் தான். எங்க வீட்டு மாடு மட்டும் இல்ல. நம்ம காபிக்கு வர்ற பால்ல பெரும்பங்கு இந்தக் கூலியைப் போடாததால தான் இந்த விலைக்கு வருது. 2021-ல பாக்கெட் விலையை மூணு ரூபா குறைச்சப்போ நாம எல்லாம் சந்தோஷப்பட்டோம். 2023 மார்ச்ல கொள்முதல் விலையை ஏத்தச் சொல்லி உற்பத்தியாளருங்க பாலை நிறுத்திப் போராடினப்போ நம்மில் எத்தனை பேரு ஒரு பதிவு போட்டோம்? நான் போடல.

என்ன பண்ணணும்னு கேப்பீங்க. எனக்குத் தெரிஞ்சது ரெண்டு. மேய்க்கால்ல ஒரு ஏக்கர் எடுத்தா அதே ஊர் எல்லையில ஒரு ஏக்கர் பசுந்தீவன நிலம் பால் சங்கத்து பொறுப்புல வரணும். காகிதத்துல இல்ல, வேலி போட்டு, போர் போட்டு. டயர் கம்பெனிக்கு 290 ஏக்கர் தேட முடிஞ்ச அரசுக்கு ஊருக்குப் பத்து ஏக்கர் தேட முடியாதா? ரெண்டாவது, சங்க அட்டை கறக்கற ஆள் பேர்ல இருக்கணும். குறைஞ்சது ரெண்டு பேர் பேரும் சேர்ந்து இருக்கணும். இதுக்கு நிலமும் வேணாம், கோடியும் வேணாம், ஒரு பேனா போதும்.

பொங்கல் பஞ்சாயத்துல ஆயா ரொம்ப நேரம் பேசல. மாமா பேப்பரை மடிச்சு வெச்சப்புறம் தான் வாயைத் திறந்துச்சு.

"விக்கறதுன்னா வித்துக்கோ நைனா. ஆனா அட்டையை முதல்ல என் பேருக்கு மாத்திக் குடு. அப்புறம் நானே விக்கறேன்."

மாமா சிரிச்சாரு. நாங்க எல்லாரும் சிரிச்சோம். ஆயா சிரிக்கல. "இன்னாடா சிரிப்பு? அறுபது வருசமா கறக்கறேன். ஒரு சீட்டுல என் பேரு கீதா பாரு."

மாட்டுப் பொங்கல் முடிஞ்ச அடுத்த வாரம் நானும் மாமாவும் சங்கத்துக்குப் போனோம். மனு எழுதிக் குடுத்தோம். அடுத்த கூட்டத்துல வைக்கறோம்னாங்க. அடுத்த கூட்டம் தள்ளிப் போச்சு. மாமா ஃபிளாட்டுக்கு மாசம் ஒரு தடவை போய்ட்டு வந்துட்டு இருக்காரு. மாடு இன்னும் கொட்டாய்ல தான் இருக்கு, இப்போ அஞ்சு மாச சினை. ஆயா ரெண்டு வேளையும் ஊத்திட்டு வந்து, சங்கத்துல குடுக்கற சீட்டைப் பால் குண்டானுக்குள்ள போட்டு சேர்த்து வெச்சிட்டு இருக்கு. சீதனமா வந்த ரெண்டு பித்தளைக் குண்டான்ல ஒண்ணு.

டிஸ்கி: தாத்தா நோட்டை ஸ்கேன் பண்ணி இங்க போடலாம்னு பார்த்தேன். ஆயா குடுக்க மாட்டேங்குது. அட்டை பேரு மாறட்டும், அப்புறம் தர்றேன்னு சொல்லிடுச்சு.